தொப்பிக்கல்லும் உருண்டைத் தலையும்

9 மே 2024, வியாழன்

இளங்குமரன் சேர் படங்களைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிரதேச செயலகத்தில் மண்சரிவு, வெள்ளம் பார்க்கிற உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வயது முப்பது இருக்கலாம். இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார்.

"ஐயா, ஒரு படம் வாசலில நிண்டு எடுத்திருக்கிறியள். ஒண்டு பீலியடியில. மற்றது ஆரோ எடுத்துத் தந்தது. கல் அசைஞ்சதோ, நீங்கள் அசைஞ்சியளோ எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

எழுபத்து நாலாம் வருஷம், மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், எங்கள் வீடுகளுக்கு மேலே நிற்கிற தொப்பிக்கல்லுக்கும் நிலத்துக்கும் நடுவே குனிந்து போய் ஆடு தேடியிருக்கிறேன் என்றேன். இன்றைக்கு அதற்குள் ஒரு கோழி நுழையாது என்றேன்.

"நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன். ஆனா ஞாபகத்தை ஃபைலுக்குள்ள வைக்கேலாது."

பழைய ஸ்டோரடியில் பன்னிரண்டு வீடு கட்டி முடிகிறது. இந்த வருஷம் ஒரு லயத்துக்குத்தான். கல்லுக்குக் கீழே இருக்கிற எங்கள் மேல் லயமும் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஆற்றோரம் இருக்கிற ஆத்தடி லயமும் பன்னிரண்டு. எதில் ஆபத்து கூடவோ அதற்கு முதலில். ஆகஸ்ட் கடைசியில் முடிவு. அதுவரை வாரம் ஒரு படம், ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து, கேமராவை மூன்று காலில் வைத்து எடுக்கச் சொன்னார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது மருமகள் தக்‌ஷிகா. எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். நாற்பத்தோரு வருஷம் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் நின்றவனுக்கு எண் தெரியாமல் இருக்காது. நான் பேசுகிறபடி எழுத மாட்டேன் என்கிறாள். "சின்னப் புள்ளைங்களுக்கு நான் டீச்சர் மாமா. எழுதினா ஒழுங்காத்தான் எழுதுவேன்." எழுதட்டும். படம் எடுத்த நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும் என்று சேர் சொன்னதால்தான் இந்தக் கொப்பி.

13 மே, திங்கள்

மகன் கிருஷாந்த் அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய சாமான் வந்தது. கூட வேலை செய்கிற ஆளின் பழைய கேமரா. நல்லது. மூன்று கால், அதுவும் நல்லது. காலுக்கு மேலே ஒரு திருகாணி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. கேமராவை அதில் பூட்டினால் நேரே எதிர் லயத்துச் சுவரைப் பார்க்கும். எங்கள் கல் மேலே இருக்கிறது.

மகனுக்குப் போன் போட்டோம். "தல இல்லப்பா. கேமராவச் சாய்க்கிற தல தனியா வாங்கணும்" என்கிறான்.

18 மே, சனி

யட்டியாந்தோட்டை. அஸீஸ் நானாவின் ஸ்டூடியோவை இப்போது மகள் அம்ராதான் பார்க்கிறாள். கல்யாணப் படமெல்லாம் அவளே எடுக்கிறாள். இரண்டு தலையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உருண்டத் தல அங்கிள். உள்ளுக்கு ஒரு உருண்ட இரிக்கி, ஒரே ஒரு திருகு. களட்டினா எல்லாப் பக்கமும் போகும், இறுக்கினா நிக்கும். மத்தது மூணு கைப்பிடி. மேல கீழ போக ஒண்டு, பக்கத்துக்குத் திரும்ப ஒண்டு, சாய்க்க ஒண்டு. ஒவ்வொண்டா இறுக்கணும்."

எது நல்லது என்றேன்.

"கல்யாண ஊடுகளுக்கு நான் உருண்டதான் கொண்டு போற. நீங்க ஒரே இடத்தத் திரும்பத் திரும்ப எடுக்கிறன்டா மூணு கைப்பிடிதான் நல்லம். பாரம்தான், ஆனா நிண்டா நிண்டதுதான்."

கைப்பிடிக்காரனைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு, நண்டு மாதிரி. "இத்தன கம்பிய வச்சிக்கிட்டு நான் என்ன லொறியா ஓட்டப் போறேன் புள்ள?" என்றேன். அவள் சிரித்தாள். உருண்டையைக் கையில் எடுத்தேன். ஒரு திருப்பு, நின்றது. கைக்கு அடக்கம். பத்து மணிக்கு முன் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை இது. ஒரு மரத்துக்கு ஒரு இழுப்பு, இரண்டாவது இழுப்பு இழுத்தால் கங்காணி பார்ப்பார். அந்தக் கைக்கு எது பிடிக்கும்?

உருண்டையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

19 மே, ஞாயிறு. காலை 7.30

லயத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைச் சிமெந்தில் உளியால் மூன்று குழி கொத்தினேன், மூன்று காலுக்கும். காலின் நீளம் மாறாமல் டேப் சுற்றினேன். கேமராவில் தூரத்தைக் கிட்ட இழுத்து, கல்லின் மேல்பாதியும் பின்னால் தூரத்து மலையும் வானமும் மட்டும் வருகிற மாதிரி வைத்து உருண்டையை இறுக்கினேன். கேமராத் திரையில் குறுக்கே கோடுகள் போட்டு வைக்கலாம் என்று அம்ரா காட்டித் தந்திருந்தாள். கல்லின் முன்னால் நீட்டியிருக்கிற மூக்கு நடுக்கோட்டைத் தொட்டு நிற்கிறது.

இனி அந்தத் திருகில் கை வைக்க மாட்டேன். கேமராவோடு சேர்த்து அப்படியே சாக்குக்குள் போட்டு வீட்டுக்குள் வைப்பேன். ஞாயிறு எடுத்து வந்து குழியில் காலை வைத்தால் போதும்.

26 மே. மழை விட்டு விட்டு. படம் எடுத்தேன். மூக்கு கோட்டில்.

3 ஜூன், திங்கள்

மூன்று நாளாக அடைமழை. ஆத்தடி லயத்துக்குள் முழங்காலுக்குத் தண்ணீர். ஆட்கள் கோயில் மண்டபத்தில். ராக்கப்பன் அங்கேதான் இருக்கிறான், என்னோடு ஒரே நிரையில் பால் வெட்டியவன். போய்ப் பார்த்தேன். அரிசிச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியேறினானாம். "நீ மேல இருந்து படம் புடிச்சிக்கிட்டு இரு. நாங்க கீழ மீன் புடிக்கிறோம்" என்றான்.

நேற்று ஞாயிறு படத்தைக் குடைக்குள் நின்று எடுத்தேன். கல்லுக்குப் பின்னால் வெறும் வெள்ளை மூட்டம். கேமராவின் உருண்டைத் தலை முழுக்க நனைந்துவிட்டது. துடைத்து, உருண்டை உட்காருகிற வளையத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் மூன்று சொட்டு விட்டேன். இரும்பு நனைந்தால் எண்ணெய் விட வேண்டும். வெட்டுக்கத்தியை நான் ஒரு நாளும் எண்ணெய் இல்லாமல் சொருகி வைத்ததில்லை.

16 ஜூன். மூக்கு கோட்டில். மூட்டம். எண்ணெய் விட்டேன்.

30 ஜூன், ஞாயிறு

மூக்கு கோட்டில் இல்லை. ஒரு அரிசி அளவு கீழே. தக்‌ஷிகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கும் அப்படித்தான் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

இரண்டு அரிசி.

தக்‌ஷிகா எல்லாப் படத்தையும் சேருக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "ஐயா, காலுக்கு வைச்ச குழி உடையேல்லையே?" இல்லை என்றேன். "திருகைத் தொட்டனீங்களோ?" தொடவில்லை என்றேன். உண்மைதான், தொடவில்லை.

20 ஜூலை, சனி

சேர் வந்தார். கல்லடிக்கு ஏறப் பார்த்தார். பாதை சறுக்கி, அட்டை வேறு கால் முழுக்க ஏறி, பாதியில் இறங்கிவிட்டார். பீலிக்கரையில் நின்று குழியைப் பார்த்தார், காலை வைத்துப் பார்த்தார், திரையையும் பார்த்தார்.

"மழை விட்டாப் பிறகு இன்ஜினியர் வருவார். அதுக்கிடையில வீட்டுப் பட்டியலை மூடச் சொல்லுறாங்கள். நான் இதை வைச்சு மேல் லயத்தை எழுதுறன்."

கொப்பியில் நாளும் நேரமும் இருப்பதைப் பார்த்து தக்‌ஷிகாவின் எழுத்து நல்ல எழுத்து என்றார்.

22 ஜூலை, திங்கள்

லயம் முழுக்க ஒரே பேச்சு. எந்த வீடு யாருக்கு என்று இப்போதே சண்டை. லயத்துத் தலைவர் லோஜன் எனக்குச் சால்வை போட்டான். சின்னப் பயல், இருபத்தெட்டு வயது, ஆனால் தலைவர். "தாத்தா எடுத்த படத்துக்குத்தான் பன்னெண்டு வீடு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். பீலியில் பெண்கள் என் வாளியை முதலில் வைக்க விடுகிறார்கள்.

தக்‌ஷிகா முழுகாமல் இருக்கிறாள். மாசியில் பிள்ளை. அறை இரண்டு, குசினி தனி, கக்கூஸ் வீட்டோடு என்று விரல் விட்டுச் சொல்கிறாள்.

ராக்கப்பன் கடையடியில் என்னைத் தாண்டிப் போனான். பேசவில்லை.

4 ஆகஸ்ட். மூன்று அரிசி. மூட்டம். எண்ணெய் விட்டேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வானம் வெளுத்திருக்கிறது. கல்லுக்குப் பின்னால் தூரத்து மலை முகடு தெரிந்தது. நாலு மைலுக்கு அப்பால் இருக்கிற முகடு. அதன் உச்சியில் ஒரு பள்ளம், பல் விழுந்த மாதிரி.

மே மாதம் வைத்த முதல் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் வானம் வெளுத்திருந்தது. அதிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது. அன்றைக்கு அது மேல் கோட்டில் நிற்கிறது. இன்றைக்கு அது மேல் கோட்டுக்குக் கீழே.

நாலு அரிசி. கல்லும் நாலு அரிசி.

முகடு இறங்காது. கல் இறங்கினால் கல் மட்டும்தான் இறங்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் இறங்கியது அவை இல்லை. கேமரா மேலே பார்க்கிறது, அதன் பாரமெல்லாம் பின்பக்கம். உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்திருக்கிறது. முகம் மேலே போகப் போக, படத்தில் எல்லாம் கீழே வந்திருக்கிறது.

தக்‌ஷிகா கேட்கிறாள், "மாமா, இத எழுதணுமா?"

எழுது என்றேன்.

எழுதினாள். இத்தோடு கொப்பியை மூடுகிறேன் என்கிறாள்.

23 ஆகஸ்ட், வெள்ளி

ஐந்து நாள் எழுதவில்லை. கொப்பி அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. நான் தேடவில்லை. தேடி எடுத்தாலும் எனக்கு அதில் என்ன தெரியும்?

ஐந்து நாளும் யோசித்தேன். திருகை இன்னும் இறுக்கி, மூக்கை இப்போது நிற்கிற நாலு அரிசியிலேயே நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. முகடு தெரிந்த படத்தை அழித்துவிட்டால் போதும். இன்னும் எட்டு நாள்தான். எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் வீடு.

ஆத்தடி லயத்தில் முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததைக் காட்ட யாரும் குழி கொத்தவில்லை, கோடு போடவில்லை. அது வந்தது. நானே பார்த்தேன். என் படத்தில் வந்தது உருண்டையின் சாய்வு. பிறகு இன்னொன்று: மழை விட்டதும் இன்ஜினியர் வருவார். அவர் முகட்டைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நிஜமாகவே கல் அசைந்தாலும் எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்? நியாயத்துக்காகச் சொல்லப் போகிறேனா, பயத்தில் சொல்லப் போகிறேனா? இரண்டும்தான்.

இன்று காலை தக்‌ஷிகாவே கொப்பியைக் கொண்டுவந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தாள். "நீங்க சொல்றத எழுதுறேன் மாமா. ஆனா நான் ஒண்ணு சொல்லுவேன், அதையும் எழுதுவேன்" என்றாள். சரி என்றேன். கீழே இருப்பது அவள் பேச்சு.

மாமா சொல்றது சரின்னு எனக்குத் தெரியும். சரியா இருக்குறதுக்காக அது எனக்குப் புடிக்கணும்னு இல்ல. எனக்கு மாசியில புள்ள பொறக்கும். அந்தக் கல்லுக்குக் கீழதான் பொறக்கும். கல்லு அசையலன்னு இன்னும் யாருமே சொல்லல. அசையுதான்னு தெரியாது, அவ்வளவுதான். அந்தத் தலைய வாங்கினது மாமா. மூணு கைப்பிடி நல்லதுன்னு அந்த அக்கா சொன்னத மே மாசமே நான் எழுதியிருக்கேன்.

எழுதியிருக்கிறாள். வாசித்துக் காட்டினாள். அப்படியே இருக்கிறது.

24 ஆகஸ்ட், சனி

அம்ராவின் கடை. உருண்டைத் தலையைக் கழற்றிப் பார்த்தாள். விரலால் தடவி மோந்து பார்த்தாள்.

"அங்கிள், ஆரு இதுக்குத் தேங்காண்ண போட்ட?"

"நான்தான். நனைஞ்சிச்சி. எண்ண போடாட்டித் துரு புடிக்கும்ல?"

"இது கத்தி இல்ல அங்கிள். இந்த உருண்ட காஞ்சி இரிக்கிறதாலதான் புடிச்சி நிக்கிற. எண்ண போட்டா வழுக்கத்தானே செய்யும்?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் அதே தலையைத் துடைக்காமல் பூட்டி, என் கேமராவை மேலே பார்க்க வைத்து இறுக்கினாள். எதிர்ச் சுவரில் கலண்டரின் ஆணி நடுக்கோட்டில் நின்றது. "இருங்க, பிளேன்டீ குடிப்பம்." குடித்தோம். அவளுடைய வாப்பாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். திரும்பிப் பார்த்தால் ஆணி கோட்டுக்குக் கீழே, மயிரிழை. இன்னொரு வாடிக்கையாளர் வந்து பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு போனார். ஆணி இன்னும் கொஞ்சம் கீழே.

கண்முன்னால் நடந்தது. மூன்று மாதம் என் சாக்குக்குள் இதுதான் நடந்திருக்கிறது.

பிறகு நண்டைப் பூட்டினாள். மூன்று கைப்பிடியையும் நானே இறுக்கினேன், ஒவ்வொன்றாக. அரை மணி நேரம். ஆணி அசையவில்லை. ஒவ்வொரு கைப்பிடிக்குக் கீழும் எண் வெட்டியிருக்கிறது. எந்த எண்ணில் நிற்கிறது என்று எழுதி வைத்தால் கழற்றிப் பூட்டினாலும் அதே இடத்துக்கு வரலாம். எண் எனக்குத் தெரியும். மே மாதமே தெரியும்.

மாற்றிக்கொண்டு வந்தேன். உருண்டையை அவள் மண்ணெண்ணெயில் கழுவி வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

26 ஆகஸ்ட், திங்கள்

பிரதேச செயலகம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கல், முகடு, எண்ணெய் எல்லாம் சொன்னேன். சேர் பேனையை மூடினார், திறந்தார்.

"ஐயா, இது நீங்கள் சொல்லாட்டில் எனக்கு இப்ப தெரிய வந்திராது."

"தெரியும்ங்க சேர். அதுக்குத்தான் வந்தேன்."

"உங்கட லயத்துச் சனம் என்ன சொல்லும்?"

"இன்னும் சொல்லலைங்க. போய்த்தான் சொல்லணும்."

பட்டியலை வெளியே எடுத்து, மேல் லயம் என்று இருந்ததைக் கோடு போட்டு வெட்டினார். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்த வரி என்று தெரிந்தது. அதுதான் முதல் வரி.

போகும்போது சொன்னார், "நிப்பாட்டிப் போடாதேங்கோ. இனிக் கல்லும் முகடும் ஒரே படத்தில வரவேணும்."

28 ஆகஸ்ட், புதன்

சொல்லிவிட்டேன். கோயிலடியில், எல்லாரும் இருக்கும்போது.

 எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். லோஜன் சொன்னது மட்டும் எழுதினால் போதும்.

"தாத்தா, ஒரு கெழமை. ஒரே ஒரு கெழமை ஒங்க வாயக் கட்டிப் போட்டிருக்கக் கூடாதா?"

"கட்டிப் போட்டா கல்லு கேக்குமாடா?"

"கல்ல விடுங்க. எழுபத்து நாலுல ஆடு தேடினதா சொன்னீங்களே, அதுவும் இந்தப் படம் மாதிரிதானா?"

யாரோ சிரித்தார்கள்.

29 ஆகஸ்ட், வியாழன்

நான் நுழஞ்சேன். கல்லுக்குக் கீழ நான் நுழஞ்சேன்.

நுழஞ்சேனா?

கறுப்பு ஆடு. நெத்தியில வெள்ள. கெடாக் குட்டி. எங்கம்மா அழுதுகிட்டு நிக்கிறா, கீழ, பீலிக்கிட்ட. நான் போட்டிருந்தது எங்கண்ணன் சட்ட, முதுகுல கிழிஞ்சது, கல்லு ஒரசிக் கிழிஞ்சது. உள்ள ஈரமா இருந்திச்சி. தேரை மணம். ஆடு அங்க இல்ல. ரெண்டு நாள் கழிச்சி ரப்பர் ஸ்டோர்ல கெடச்சிச்சி. இதெல்லாம் நான் உண்டாக்கினதா? அம்பது வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா வழுக்கி வேற எடத்துல வந்து நிக்குதா? இறுக்கி வச்சிருக்கேன்னுதான நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன் —

தக்‌ஷிகா, இதை நீ மாற்றாமல் எழுதியிருக்கிறாயா? மாற்றவில்லை என்கிறாள்.

1 செப்டெம்பர், ஞாயிறு. காலை 8.10

மூன்று கைப்பிடித் தலையில் முதல் படம். கல்லின் மூக்கு நடுக்கோட்டில், முகட்டின் பள்ளம் மேல் கோட்டில். மேல்கீழ் 24, பக்கம் 110, சாய்வு 0.

பீலிக்கரைக்குப் போனபோது மூன்று குழியின் மேலும் மூன்று தண்ணீர்க் குடம் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. குடத்தை எடுக்கும்வரை நின்றேன். ஒன்றரை மணி நேரம்.

8 செப்டெம்பர். கோட்டில், கோட்டில். இன்றும் குடம்.

15 செப்டெம்பர். மூட்டம். முகடு தெரியாததால் படம் எடுக்கவில்லை. முகடு இல்லாமல் இனி எடுப்பதில்லை.

29 செப்டெம்பர், ஞாயிறு

கோட்டில், கோட்டில். குடம் இல்லை. தக்‌ஷிகா எனக்கு முன்பே போய்ப் பீலிக்கரையில் உட்கார்ந்திருந்தாள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. அவள் உட்கார்ந்திருக்கும்போது யாரும் குடம் வைக்கவில்லை.  எண்ணை மட்டும் சரிபார்த்து, கொப்பியில் குறித்துக்கொண்டு எழுந்து போனாள்.

13 அக்டோபர், ஞாயிறு

ஆத்தடி லயத்து ஆட்கள் இன்று பழைய ஸ்டோரடி வீடுகளுக்குக் குடிபோனார்கள். பால் காய்ச்சுவதற்கு ராக்கப்பன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். கால் வலி இல்லை.

படம்: கோட்டில், கோட்டில்.

27 அக்டோபர். மழை. முகடு இல்லை.

3 நவம்பர். மழை. முகடு இல்லை.

10 நவம்பர், ஞாயிறு

ஆறு மணிக்கு மழை விட்டது. ஏழே காலுக்கு முகடு தெரிந்தது. அவசரமாகப் போய்க் காலை வைத்தேன். 24, 110, 0.

முகட்டின் பள்ளம் மேல் கோட்டில். கல்லின் மூக்கு கோட்டுக்குக் கீழே, அரை அரிசி.

எனக்கு முதலில் வந்தது கோபம். கைப்பிடித் தலைமேல்தான். எல்லாவற்றையும் கழற்றினேன். குழியில் மண் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். மறுபடி வைத்தேன். மூன்று கைப்பிடியையும் இறுக்கினேன். முகடு கோட்டில், கல் அரை அரிசி கீழே. மறுபடி கழற்றினேன். தக்‌ஷிகாவை வைக்கச் சொன்னேன். அவள் தன் கையால் எண்ணைப் பார்த்து வைத்தாள். அதேதான்.

"மாமா, மலை நிக்குது."

"நிக்குது."

"கல்லு மட்டும்தான்."

ஒன்பதரைக்கு மறுபடி எடுத்தோம். முக்கால் அரிசி.

அவளே சேருக்கு அனுப்பினாள். போன் உடனே வந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஐயா, பின்னால இருக்கிற முகடு?"

"அது அசையலைங்க சேர்."

"ஒருத்தரும் சாமான் எடுத்துக்கொண்டு நிக்கவேண்டாம். ஆக்களை இறக்குங்கோ. நான் வாறன்."

லோஜனிடம் ஓடினேன். ஓடினேன் என்று எழுதச் சொன்னதற்குத் தக்‌ஷிகா என்னைப் பார்க்கிறாள். சரி, வேகமாக நடந்தேன். அவன் இஸ்தோப்பில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். படத்தைக் காட்டினேன். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே பார்த்தான். ஆகஸ்டில் அவன் கேட்டதை நான் அப்போது நினைத்தேன், அவனும் நினைத்திருப்பான்.

"இந்த வாட்டி மலை எங்க தாத்தா?"

விரலால் காட்டினேன். மேல் கோட்டில்.

துப்பிவிட்டு முதல் காம்பராவின் கதவைத் தட்டப் போனான்.

14 நவம்பர், வியாழன்

பழைய ஸ்டோரடியில் ராக்கப்பன் வீட்டு வாசலில் இருந்து.

திங்கட்கிழமை இன்ஜினியரும் சேரும் கல்லடிக்கு ஏறினார்கள். கல்லுக்குப் பின்னால் மண் புதிதாகப் பிளந்திருக்கிறது. முழங்கை வரை உள்ளே போகிறதாம். மேல் லயத்தைக் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். கல் இன்னும் விழவில்லை. விழலாம், விழாமலும் இருக்கலாம் என்கிறார் இன்ஜினியர். அடுத்த வீடுகள் எப்போது என்று யாருக்கும் தெரியாது. மேல் லயத்தின் பெயர் மறுபடி முதல் வரியில் இருக்கிறது என்று சேர் காட்டினார்.

ஞாயிறு பகல் எங்களை முதலில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு குடும்பம், ஒரு மண்டபம். பின்னேரம் ஆத்தடி லயத்து ஆட்கள் வந்தார்கள். தலைவர், கூட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று அவர்களே பிரித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். என் சாக்கை ராக்கப்பன் தூக்கினான்.

"இதுக்குள்ள என்னடா இரும்பு?"

"தல. மூணு கைப்பிடி."

"பாரமா இருக்கு."

"பாரந்தான்."

தக்‌ஷிகாவுக்கு உள்ளறையில் கட்டில். கிருஷாந்த் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனான். ராக்கப்பனும் பெண்சாதியும் குசினியில் படுக்கிறார்கள். வேண்டாம் என்று நாலு நாளாகச் சொல்கிறேன், காதில் வாங்குவதில்லை. பத்து வருஷமாக ஆற்றுச் சத்தத்தில் தூங்கினவனுக்கு எங்கே படுத்தாலும் ஒன்றுதான் என்கிறான்.

ஞாயிறு காலை சேரின் ஜீப் வரும். பீலிக்கரை வரை படம் எடுக்க என்னையும் தக்‌ஷிகாவையும் மட்டும் விடுவார்கள்.

சற்று முன் ராக்கப்பன் தேத்தண்ணீர் கொண்டுவந்தான். நான் சொல்வதையும் இவள் எழுதுவதையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.

"என் வீட்டத்தானே நீ புடுங்கப் பாத்த? இப்ப அதுக்குள்ளயே வந்து குந்தியிருக்க. வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்கு."

"எழுதிக்க புள்ள, அதையும்" என்று தக்‌ஷிகாவிடம் சொல்லிவிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.